ஆச்சியின் ரிப்போர்ட்டும் ஏ குரூப்பும்

காரைக்குடி

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் கிடைத்தது. கூடப் பிறந்த ஆச்சிக்கு மார்பகப் புற்று என்றால் உனக்குத் தூக்கம் எங்கே வரும்? சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ரத்த குரூப்பில் ஆச்சி ஏ, நீ ஏ, உன் மகளும் ஏ. ஏ குரூப்காரர்களுக்குத்தான் மார்பகப் புற்று வருமாமே என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

ஒன்றுமே இல்லாமல் பிறந்த பேச்சு அல்ல அது. 1953-ல் இயன் எய்ர்ட் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது, வயிற்றுப் புற்று ஏ குரூப்பில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஏ, பி என்கிற அந்தச் சர்க்கரைப் பொருட்கள் ரத்தச் சிவப்பணுவில் மட்டுமல்ல, குடல், வயிறு போன்ற உறுப்புகளின் உள்வரிச் செல்களிலும் உண்டு. அப்புறம் ஒவ்வொரு புற்றுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தார்கள். மார்பகத்தில் சின்னச் சின்ன ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்லின. அமெரிக்க நர்சுகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில் ரத்த வகைக்கும் மார்பகப் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை.

சின்ன ஆய்வு ஏன் தடுமாறும் என்பதற்கு நம்மையே எடுத்துக்கொள். நகரத்தார் நமக்குள்ளேயே கொண்டு கொடுத்து வருகிறோம். ஒவ்வொரு சமூகத்திலும் குரூப் விகிதம் வேறு. இங்குள்ள நோயாளிகளை எண்ணி, வேறெங்கோ உள்ள ரத்த வங்கிக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், எந்த ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்பதுதான் தெரியும். நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஃபைலில் குரூப் எழுதுவது ஆபரேஷனில் ரத்தம் தேவைப்பட்டால் ஏற்றுவதற்கு. அவ்வளவுதான்.

நீ பார்க்க வேண்டியது பயாப்சி ரிப்போர்ட். 'இன்வேசிவ் லாபுலர்' என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அது மார்பகப் புற்றில் ஒரு வகை. நூற்றில் எழுபது எண்பது பேருக்கு வருவது டக்டல் வகை. லாபுலர் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். லேபில் இருந்த காலத்தில் இரண்டையும் நிறையப் பார்த்திருக்கிறேன். டக்டல் செல்கள் கும்பலாக, குழாய் கட்டப் பார்ப்பதுபோல் நிற்கும். லாபுலரில் செல்லைச் செல்லோடு ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் பெரும்பாலும் இருக்காது. அதனால் எறும்புச் சாரை மாதிரி ஒற்றை வரிசையில் சுற்றியுள்ள திசுவுக்குள் போகும். கட்டியாகத் திரளாததால் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயிலும் சுலபமாகத் தப்பிவிடும். போன தடவை ஒன்றுமில்லை என்றார்களே என்று அந்த டாக்டரைத் திட்டியிருந்தாயே, அதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

அடுத்த பக்கத்தில் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று இருக்கும். முதல் இரண்டும் புற்றுச் செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், ஹெர்-2 செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். மருந்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். லாபுலரில் பெரும்பாலும் ஈஆர் பாசிட்டிவாக இருக்கும், அப்படியென்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை நன்றாகக் கைகொடுக்கும். ஹெர்-2 வில் 2+ என்றிருந்தால், அதாவது இரண்டுங்கெட்டானாக இருந்தால், அந்த ஜீனை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்யாமல் முடிவு கட்ட மாட்டார்கள். பயாப்சித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்கி வையுங்கள், வேறு டாக்டரிடம் காட்ட உதவும்.

உன் மகளுக்கு குரூப்பை விடக் குடும்பக் கதைதான் முக்கியம். உங்கள் ஆயா சின்ன வயதிலேயே சூலகக் கட்டியில் போனதாகச் சொல்வாயே, அதை டாக்டரிடம் கட்டாயம் சொல். அப்பச்சி வழியில் யாருக்காவது இருந்ததா என்றும் விசாரி; மார்பகப் புற்றுக்கும் சூலகப் புற்றுக்கும் வழிவிடும் பிராக்கா ஜீன் கோளாறு அப்பா வழியாகவும் வரும்.

அடுத்த வெள்ளி தேவகோட்டைக்கு வருகிறேன். அதற்குள் அந்த இரண்டாம் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஓரம் வெட்டுப்படாமல் முழுசாக எடு.

உன்
அழகம்மை