பின்னணியத்தில் நாலு நங்கூரம்

கடலூர் முதுநகர்
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டி வலி போன மாதம் மாதிரியேதான். நீ அனுப்பும் பணம் இந்த மாதமும் அஞ்சாம் தேதியே விழுந்துவிட்டது. பணம் தேதி தவறவில்லை, உன் குரல்தான் நாலு ஞாயிறாகக் காணோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

லெந்து நோன்புக் காலம் வந்தாயிற்று. புதன்கிழமை வேதபாடம் இந்த வருஷம் என் பொறுப்பு. அப்போஸ்தலர் 27 எடுத்திருக்கிறேன், பவுல் போன கப்பல் உடைகிற அதிகாரம். துறைமுகத்து ஊரில் அதை நான் விளக்க வேண்டியதே இல்லை, கடலுக்குப் போகிறவர்கள்தான் எனக்கு விளக்குகிறார்கள். உனக்கும் எழுதலாமென்று தோன்றியது, வேறொன்றுமில்லை.

ஆழம் பார்க்க விழுதுவிட்டால் இருபது பாகம் ஆழம். கொஞ்சம் தள்ளி விட்டால் பதினைந்து. கரை கிட்டே வந்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியாது, நடு ராத்திரியில் அதற்குப் பாறை என்று அர்த்தம். உடனே கப்பலின் பின்பக்கமான பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டார்கள். ஏன் பின்னால்? காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் போட்டால் கப்பல் சுற்றித் திரும்பும், திரும்பும்போது அலைக்கு விலாவைக் காட்டும், அங்கேதான் உடையும். பின்னால் போட்டால் மூக்கு கரையைப் பார்த்தபடியே நிற்கும். விடிந்ததும் கயிற்றை அறுத்துவிட்டு நேரே ஓட்டலாம், அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் விடிகிறவரை நங்கூரத்தைப் போட்டுவிட்டு இருந்தார்கள், அவ்வளவுதான். நீயும் ராத்திரி பத்துக்கு மேல் எந்தக் கணக்கும் போடாதே. இருட்டில் போடுகிற கணக்கு எப்போதும் நஷ்டத்தில்தான் முடியும்.

இன்னொன்று. பதினாலு நாளாக வயிற்றுக்கு ஒன்றுமில்லாமல் கிடந்த 276 பேரிடம் பவுல் பிரசங்கம் பண்ணவில்லை, சாப்பிடச் சொன்னார். அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, எல்லார் கண்முன்னும் பிட்டுத் தாமே முதலில் சாப்பிட்டார். எலியா தீர்க்கதரிசிக்கும் அதேதான். "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவனுக்குத் தூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். தின்றுவிட்டுத் திரும்பத் தூங்கினான், தூதன் திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை அதற்கப்புறம்தான். நேரத்துக்குச் சாப்பிடு. ரூமில் சமைக்க ஆளில்லையென்றால் கஞ்சியாவது வை.

ஜெபம் வரவில்லையென்றால் 13-ஆம் சங்கீதத்தை எடு. ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நாலு தடவை வருகிறது. அடுத்த இரண்டில் பாடினவன் உதவி கேட்கிறான். நம்பிக்கை கடைசி இரண்டில்தான். நம் ஜனங்கள் நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவுவார்கள். வாய் "நம்பியிருக்கிறேன்" என்று சொல்லும், நெஞ்சு ஒத்துக்கொள்ளாது, கொஞ்ச நாளில் ஜெபமே பொய்யாகப் பட்டு விட்டுவிடுவார்கள். நீ அந்த முதல் இரண்டு வசனத்திலேயே ஒரு வாரம் நில். சத்தமாகச் சொல், உன் காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல். அடுத்தது வராவிட்டால் 88-க்குப் போ. பதினெட்டு வசனமும் இருட்டு, முடிவதும் இருட்டில்தான். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு கதறினதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தானே. கர்த்தரிடம் முறையிடுகிறவன் இன்னும் கர்த்தரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறான். பேசாமலிருப்பதுதான் ஆபத்து.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துப் பண்ருட்டி மாமா தோப்பு விழுந்ததே, ஞாபகமிருக்கும். ஒட்டு முந்திரி காய்க்க மூன்று வருஷம், பலாவுக்கு அதற்கும் மேலே. நடுவில் மல்லாட்டைக் கடலை போட்டுத்தான் ஓட்டினார். அதை அவர் கேவலமாக நினைக்கவில்லை.

இந்த வீட்டு மாடி உன் கையால் எழும்பினது. அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரே கொடுப்பாள். அப்படிப்பட்ட மூத்த பிள்ளை இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் நாங்கள் என்னவென்று நினைப்பது?

இல்லை, அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மொட்டைமாடியில் "அப்பா, அங்கே ஒண்ணும் சரியில்ல" என்று ஆரம்பித்தாய். நான் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ரோமர் 8:28 சொன்னேன். நீ டம்ளரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாய். பாதிக் காபி ஆடை கட்டிக் கிடந்தது. வசனத்தில் குற்றமில்லை, உன் வாயை அடைக்க அதை எடுத்தேன் பார், அதுதான் குற்றம். எல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். நான் ஏழு நிமிஷம் உட்காரவில்லை. நீ சொல்லி முடித்துவிட்டால் நான் என்ன செய்வேனென்று பயம் தம்பி. அதுதான் உண்மை.

பவுலின் கப்பல் மிஞ்சவில்லை. மிஞ்சும் என்று அவரிடம் வந்த தூதன் சொல்லவும் இல்லை, "கப்பற்சேதமேயல்லாமல்" உயிர்ச்சேதம் வராது என்பதுதான் வாக்கு. மூன்றாம் நாள் தளவாடம் போயிற்று, கடைசியில் கோதுமையும் போயிற்று. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். மெலித்தாத் தீவு ஜனங்கள் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். கப்பல் எங்கே என்று யாரும் கேட்டதாக எழுதியில்லை.

மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தால் கேட்டு வாங்கி வைத்துக்கொள், விசா எந்தத் தேதி வரைக்கும் என்று பார்த்து வை. எல்லாரும் செய்கிறதுதான், உனக்காகச் சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனை பத்தரைக்கு விட்டுவிடும். பதினொன்றுக்கு, அங்கே ஒன்பதரை, போன் என் கையில் இருக்கும். வசனம் சொல்லமாட்டேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு வாங்கிக் கட்டி வைத்திருக்கிறாள். கொடுத்தனுப்ப அந்தப் பக்கம் வருகிற ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

அப்பா