கோப்பையைப் பிடித்திருக்கும் கை யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த திங்கட்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், எங்கள் ஊர் கிரிக்கெட் குழு நடத்திய பாராட்டு விழாவின் செய்தி வெளியாகியிருந்தது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், பந்தல் உபயம் செய்தவர், நன்றி கூறியவர் என அதில் பதினொரு பெயர்கள் இருந்தன. யாருக்காக அந்த விழா நடந்ததோ அவனைப் பற்றி, "சிறப்பாக விளையாடிய இளைஞர் ஒருவருக்குக் கோப்பை வழங்கப்பட்டது" என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த 'ஒருவர்' என்னும் சொல்லை என்னால் இன்றுவரை கடந்துபோக முடியவில்லை.

உடன் வந்த படத்திலும் அவன் முகம் இல்லை. யாரோ விரித்துப் பிடித்த பொன்னாடை அவனை முழுவதும் மறைத்துவிட்டது. கோப்பையின் காதைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் தெரிகிறது, அதன் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றியிருக்கிறது. பள்ளிக்குப் போகும் முன் அப்பாவின் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துவிட்டு வரும் விரல் அது. அதே விரலால்தான் இறுதிப் போட்டியின் கடைசி ஓவரில், எதிரணிக்கு ஏழு ரன் தேவைப்பட்டபோது மூன்று மட்டும் கொடுத்து, எங்களுக்குக் கோப்பையை வாங்கித் தந்தான்.

இருபத்தேழு ஆண்டுகளாக எங்கள் குழுவுக்கு ஸ்கோர் எழுதி வருகிறேன். இந்தப் பருவத்தில் பதினான்கு ஆட்டங்களில் அவன் எடுத்த முப்பத்தொரு விக்கெட்டும் என் நோட்டில் இருக்கின்றன. நோட்டில் ஏறாதவையும் உண்டு. கோடையில் வற்றிய ஏரிக்குள் சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஆடுகளம் அமைத்தவர்களில் முதலில் வந்து கடைசியில் போனவன் அவன். ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சிறுவர்களை வரிசையில் நிறுத்திப் பந்து போடக் கற்றுக் கொடுப்பவனும் அவனே. அவனுக்கு வயது பதினேழு. ஆளுக்கு ஐம்பது, நூறு என்று போட்டு அந்த விழாவை நாங்கள் எடுத்தது இவற்றுக்காகத்தான்.

டென்னிஸ் பந்து ஆட்டம்தானே என்று தங்கள் அலுவலகத்தில் எண்ணியிருக்கக்கூடும். அந்தப் பந்து சற்றே எழும்பினாலும் பேட்ஸ்மேன் தூக்கி அடித்துவிடுவான் என்பதால், காலடியில் குத்தும் யார்க்கர் ஒன்றுதான் பந்துவீச்சாளனுக்குக் காவல். எங்கள் பக்கத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜன் அந்த யார்க்கரைப் பழகியது டென்னிஸ் பந்தில்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக, ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் வீரர் அவர். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்துவிட்டு ஊர் திரும்பியவரைத் தேரில் ஏற்றி அழைத்து வந்தபோது, படம் எடுக்க வந்தவர்களுக்கு நிற்க இடமில்லை. ஆனால் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் அவர் விக்கெட்டுகளைச் சாய்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் பெயர் எத்தனை முறை அச்சில் வந்தது என்பதைத் தங்கள் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்துத் தாங்களே சொல்ல வேண்டும்.

போட்டி முடிந்த இரவுகளில் நான் தொலைபேசியில் முடிவுகளைச் சொல்ல அழைத்தால், லீக் ஆட்டமா என்று கேட்டு, இல்லை என்றதும் வைத்துவிடுகிறார்கள். நகரத்துப் பயிற்சி மையங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர், பள்ளி, படம் எல்லாம் வருகின்றன. அவை வரட்டும், அவர்களும் நம் பிள்ளைகள்தாம். மாவட்ட அணித் தேர்வு நடப்பதே எங்கள் பையன்களுக்கு அது முடிந்த பிறகுதான் தெரிகிறது என்பதை நான் முன்பும் இருமுறை எழுதியிருக்கிறேன். இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை.

இது எனக்குப் புதிதன்று. 1994 பொங்கல் போட்டியில் நான் ஆறு விக்கெட் எடுத்தேன். மறுநாள் செய்தியில் கோப்பை கொடுத்த கடைக்காரரின் பெயரும், அவர் கடை இருக்கும் தெருவும்கூட இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா அந்தச் செய்தியை வெட்டி, சாமி படத்துக்குக் கீழே சோற்றுப் பசையால் ஒட்டினார். பிறகு அதில் விரலை வைத்து, "இதுல உம் பேரு எங்கடா இருக்கு?" என்று கேட்டார். நான் கடைக்காரரின் பெயரைக் காட்டி, இதுதான் என்றேன். கடைசிவரை அவர் அதை நம்பியிருந்தார்.

இந்தப் பையனின் அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பவர். திங்கட்கிழமை காலை டீக்கடையில் மூன்று பிரதிகள் வாங்கினார். ஒன்றைப் படித்துவிட்டு, மூன்றையும் மடித்துச் சைக்கிளில் செருகிக்கொண்டு, அருகில் நின்ற என்னிடம் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவர் ஏதேனும் கேட்டிருந்தால் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

நான் வேண்டுவது இரண்டு வரித் திருத்தம் மட்டுமே. எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் அவன் பெயரை வெளியிடுங்கள். அவன் பெயர், தந்தை பெயர், பள்ளி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். அது செய்தியில் வர வேண்டிய பெயர் என்பதால் இக்கடிதத்தில் எழுதவில்லை. திருத்தம் வரும் நாளை முன்கூட்டியே ஓர் அஞ்சலட்டையில் தெரிவித்தால், டீக்கடையில் மூன்று பிரதிகள் எடுத்துவைக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்.