வடக்கு மணல்திட்டில் படகு இறக்குவதை நிறுத்தக் கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்:
வன உயிரினக் காப்பாளர் அவர்கள்

பொருள்: ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் முட்டையிடும் காலத்தில் தீவின் வடக்கு மணல்திட்டில் பயணிகளை இறக்குவதைத் தடுக்கக் கோருதல் – நினைவூட்டு மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறேன். மணல்திட்டு எது, படகு எங்கே வந்து ஒதுங்கும் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததுதான்.

1. தீவுக்கு யாருமே வரக்கூடாது என்று கேட்கவில்லை. நானும் பைனாகுலரோடு வருகிறவன்தான். இறங்கும் இடத்தை மட்டும் தெற்குப் பக்கம் மாற்றச் சொல்கிறேன்.

2. ஆலாக்களில் சின்ன வகையான சிற்றாலா கூடு என்று எதையும் கட்டாது. வெறும் மணலில் சின்னதாக ஒரு குழி, அதில் இரண்டு மூன்று முட்டை, அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறம், மேலே கரும்புள்ளிகள். குனிந்து பார்த்தாலும் சட்டென்று தெரியாது. படகிலிருந்து குதிக்கிறவர் கால் எங்கே படும் ஐயா? மிதிபடாத முட்டையும் தப்புவதில்லை. ஆளைக் கண்டதும் தாயும் தகப்பனும் எழும்பித் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றுகின்றன, அதைப் பறவை வேடிக்கை காட்டுவதாக நினைத்து நம் ஆட்கள் செல்போனில் படம் எடுத்தபடி அங்கேயே நிற்கிறார்கள். உச்சி வெயிலில் தாய் முட்டை மேல் உட்காருவதே நிழலுக்காகத்தான். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்துகூட உட்காரும். அதை உட்கார விடாவிட்டால் கரு உள்ளேயே வெந்து போகும். நடுவில் காக்கை வேறு வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். குஞ்சு பொரித்திருந்தால் இன்னும் மோசம், தாய் கத்தியதும் அது ஓடாமல் மணலோடு மணலாகப் படுத்துவிடும். அப்படிப் படுத்திருந்த ஒரு குஞ்சுக்குப் பக்கத்தில் செருப்புத் தடம் பதிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். இடைவெளி ஒரு விரல்கூட இல்லை. இதற்கு மேல் என்ன விவரம் எழுத வேண்டும், சொல்லுங்கள்.

3. அடைகாக்க ஏறக்குறைய மூன்று வாரம், குஞ்சு பறக்க இன்னொரு மூன்று வாரம். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும் வரை திட்டைச் சுற்றிக் கழி நட்டுக் கயிறு கட்டினால் போதும். அப்புறம் படகோட்டிகளுக்கு ஒரு உத்தரவு. இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

4. நாய், டிரோன் இரண்டும் கூடாது.

5. குளிர்காலத்திலும் இதே திட்டுதான் பிரச்சினை. கடல் ஏறும் நேரத்தில் வலசை வந்த உள்ளான், மூக்கன் போன்ற கரைப்பறவைகள் ஒதுங்க வேறு இடமில்லை. 2022-ல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாளில் சுமார் 13,560 கி.மீ. இடையில் இறங்காமல் பறந்தது. அந்த இனம் உடம்பில் சேர்த்த கொழுப்பை நம்பித்தான் அவ்வளவு தூரம் போகிறது. செல்ஃபிக்காகத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிட்டால் கொழுப்பு எப்படிச் சேரும்?

6. ஐயா, பாதுகாக்கப்பட்ட தீவு என்று பலகை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே படகைக் கட்டுகிறார்கள். யாரும் கேட்பதில்லை. போன பருவமும் இப்படியே போய்விட்டது. வேலைப்பளு இருக்கும், சரி, ஆனால் முட்டை அதுவரை காத்திருக்குமா?

தயவுசெய்து இந்தப் பருவம் தொடங்குமுன் வடக்குத் திட்டில் இறங்கத் தடை போடுங்கள். கயிறு கட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். மறுபடியும் கெஞ்சிக் கேட்கிறேன், இறங்கும் இடத்தை மாற்றுங்கள். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பறவை ஆர்வலர்