கேமரா இல்லாமலும் படம் பண்ணலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தாலே குழந்தைகளுக்குக் குறும்படப் பயிற்சி என்று விளம்பரங்கள் வருகின்றன. கேமரா வேண்டும், இல்லாவிட்டால் நல்ல போனாவது வேண்டும் என்கிறார்கள். நான் தியேட்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டும் இல்லாமல், பிலிமின் மேலேயே கையால் வரைந்தும் கீறியும் படம் பண்ணலாம்.

இது புதிய வித்தை இல்லை. 1935இல் லண்டனில் லென் லை என்ற நியூசிலாந்துக்காரர் பிலிமில் நேரடியாக வண்ணம் தீட்டி, தபால் துறையின் பார்சல் சேவைக்கு விளம்பரப்படம் செய்து கொடுத்தார். கனடாவில் பணியாற்றிய நார்மன் மெக்லாரன், பிலிம் ஓரத்து சவுண்ட் டிராக்கிலும் கோடு போட்டு ஒலியைக்கூடக் கையாலேயே உண்டாக்கினார். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான் பிராக்கேஜ், விட்டில்பூச்சிச் சிறகுகளையும் புல்லையும் இரண்டு டேப்புகளுக்கு நடுவே ஒட்டியே ஒரு படம் தந்தார்.

படத்தில் மழை பெய்கிறது என்று ரசிகர்கள் கூச்சல் போடுவார்களே, பிலிமில் விழுந்த கீறலால் வரும் அந்தக் கோடுகளை ஆபரேட்டர்கள் நன்றாக அறிவோம். கலர் பிரின்டின் கறுப்பான இடத்தில், மருந்து பூசிய பக்கம் லேசாகக் கீறினால் பச்சை தெரியும். இன்னும் அழுத்தினால் மஞ்சள், அதற்கும் கீழே போனால் வெள்ளை. நிறங்கள் அடுக்கடுக்காக இருப்பதால் வருவது இது. என் பேத்தி கறுப்பு லீடரில், அதாவது ரீலின் முனையில் சேர்க்கும் படமில்லாத பிலிம் துண்டில், தையல் ஊசியை வைத்து, கை அழுத்தத்திலேயே இந்த மூன்றையும் வரவழைத்துவிட்டாள்! ஒரு நொடிக்கு 24 கட்டம், அதாவது பிரேம்; 35 மி.மீ. பிலிமில் அது ஒன்றரை அடி. பந்து ஒன்று துள்ளி விழ எத்தனை கட்டம் வேண்டும் என்று அவள் விரல்விட்டு எண்ணினாள். பட்டனை அழுத்திப் பழகும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது.

என் வயதுக்காரர்கள் பலர் தியேட்டர் வாசலில் பிலிம் துண்டு பொறுக்கி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, லென்ஸ் வைத்து வேட்டியில் படம் காட்டியவர்கள்தான். இன்று எல்லாம் டிஜிட்டல். மிஞ்சிய லீடரும் கிழிந்த டிரெய்லரும் காயலான் கடைக்குப் போகின்றன. தியேட்டர் முதலாளிகள் அவற்றைப் பள்ளி ஓவிய ஆசிரியர்களிடம் கொடுக்க வேண்டும். பெர்மனென்ட் மார்க்கரும் கிளாஸ் பெயின்டும் போதும். பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் புரொஜக்டரில் லென்ஸுக்குப் பின்னால் பிலிம் நுழைந்து போகும் கேட்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒன்று. முழுப் படத்தின் பிரின்ட் எதையும் கீறக் கூடாது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' நமக்கு மிஞ்சவே இல்லை. இருப்பதையும் நாமே அழிக்க வேண்டாம். அப்புறம், சட்டென்று தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் பிலிமைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

எந்த முதலாளியாவது பழைய புரொஜக்டரை ஒரு காலை நேரம் பிள்ளைகளுக்காகத் திறந்துவிட்டால், அதைத் துடைத்து எண்ணெய் போட்டு ஓட்டித் தர நான் வருகிறேன். என்னைப்போல் ஓய்விலிருக்கும் ஆபரேட்டர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கூப்பிட்டால் அவர்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
திண்டுக்கல்.