ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு?

சேசு மரி சூசை

ஒரத்தநாடு
மாசி 22

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். அக்கா, மாப்பிள்ளை, பிள்ளைங்க எல்லாரும் சுகம். நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

கையில போன் இருக்கும்போது என்னத்துக்கு லெட்டருன்னு நினைப்பே. போன்ல நீ "சரிப்பா"ங்கிறே. சாப்பிட்டியான்னா "சாப்பிட்டேம்பா". அதுக்கு மேல என்ன கேக்கிறதுன்னு எனக்கு ஓடமாட்டேங்குது. உங்க அம்மாகிட்ட குடுத்துடறேன். அவகிட்டயும் நீ இப்பல்லாம் ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசறதில்லையாம். வேலை அதிகம்னு சொன்னியாம். மாசக் கடைசின்னா கணக்கு ஆபீஸ்ல வேலை இருக்கத்தான் செய்யும். ஆனா இது மூணு மாசமா மாசக் கடைசியாவே இருக்கு.

நான் கடைசியா இன்லண்ட் லெட்டர் எழுதினது உங்க சின்னத்தா கல்யாணத்துக்கு முந்தி. எழுத்து கோணக்கமாணக்கன்னு இருக்கும், பொறுத்துப் படி.

சம்பா அறுத்தாச்சு. ஒன்பது மா வயலையும் செயின் மெஷின்காரன் மூணு மணி நேரத்துல வழிச்சுட்டுப் போயிட்டான். நீ சின்னப் பையனா இருக்கையில அறுப்புன்னா ஒரு வாரம் வீடே தூங்காது. இப்ப டீ போட்டு எடுத்துட்டுப் போறதுக்குள்ள வயல் மொட்டையாயிடுது. பொன்மணி இந்த வருஷம் மோசமில்லை, 150 சிப்பத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். கொள்முதல் நிலையத்துல எட்டு நாள் கிடந்துச்சு. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா வாங்கமாட்டாங்க. காலைல பனி இறங்கும், பத்து மணிக்குக் கிண்டிவிடுவேன், சாயங்காலம் குவிச்சு மூடுவேன், மறுநாள் பாத்தா பழைய ஈரம். எட்டு ராத்திரியும் தார்ப்பாய் பக்கத்துல கயித்துக் கட்டில்ல படுத்திருந்தேன். உளுந்து, அறுப்புக்குப் பத்து நாள் முந்தி தெளிச்சது, மெஷின் மிதிச்சது போக மீதி முளைச்சு நல்லாத்தான் நிக்குது.

உங்க ரூமுக்குப் பக்கத்துல லூர்து மாதா கோயில் நடக்கிற தூரம்தான்னு போகும்போது சொன்னே. பெரம்பூர் கோயில் பெருசு, அங்க ஞாயித்துக்கிழமை எத்தனை பூசை இருக்கும்? நீ எத்தனை மணிப் பூசைக்குப் போறே? சும்மாதான் கேக்கிறேன்.

ராத்திரி வெறும் வயித்தோட படுக்காதே. மொட்டை மாடி ரூம், மேல சிமெண்ட் ஷீட்டு, பங்குனி பொறந்தா வெந்துடுவே. தரையில தண்ணி தெளிச்சு, கோணி நனைச்சு ஜன்னல்ல கட்டு. கேன் தண்ணியே குடி. சின்ன சிலிண்டர் மூடியை ராத்திரி திருகி வெச்சுட்டுப் படு. சோறு ஒரு வேளை வடிச்சா ரெண்டு வேளைக்கு ஆகும், மீந்ததில தண்ணி ஊத்தி வையி, காலைல ஆச்சு. பரோட்டா கடைக்குப் போகாதே. ராத்திரி சாப்பிடாம படுக்காதே.

உங்க அம்மா உன்னைப் பத்தி ஊர்ல பேசறது கொஞ்சநஞ்சமில்ல. அன்பியக் கூட்டத்துல "எங்க சாமியார்"னு சொல்றா. இன்னும் சாமியாருக்குப் படிக்கிற குருமடத்து வாசப்படி மிதிக்கல, அதுக்குள்ள சாமியாரு. மெய்யியல், நடுவுல களப்பணி, அப்புறம் இறையியல் நாலு வருஷம்னு பங்குச் சாமியார் சொன்னதை விரல் விட்டு எண்ணி வெச்சிருக்கா. உன் முதல் பூசைக்குக் கட்டன்னு இப்பவே ஒரு சேலையைப் பொட்டியில போட்டிருக்கா. பத்து வருஷத்துல பூச்சி அரிச்சுடும்டின்னேன். ரெண்டு நாள் பேசல. எனக்கும் பெருமை இல்லாம இல்ல தம்பி. பெரிய வெள்ளிக்கிழமை நீ ஆண்டவர் பாடுகளைச் சொல்ற பசாம் பாடினப்ப பக்கத்து ஊர்க்காரங்க "யாரு பிள்ளை"ன்னு கேட்டாங்க. நான் தூணுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன், என் பிள்ளைன்னு வாய் திறந்து சொல்லல. ஏன் சொல்லலன்னு இப்ப நினைச்சாலும் புரியல.

அதுக்காக வீட்டை மறந்துட முடியுமா? கிறிஸ்மசுக்கு வந்தே, இருபத்தஞ்சு சாயங்காலமே உழவன் எக்ஸ்பிரஸ் ஏறிட்டே. பொங்கலுக்கு வரல. உங்க மாமா பேத்தி காதுகுத்துக்கு வரல, அவங்க என்கிட்ட கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல. தபசு காலம் ஆரம்பிச்சு சாம்பல் பூசியாச்சு, நீ ஒரு போன் பண்ணல. நானும் பண்ணல, அதுவும் சரிதான்.

பட்டணம் நமக்கு அந்நியம்னு நினைக்காதே. தஞ்சாவூர் மறைமாவட்டம் 1952லதான் வந்துச்சு. அதுக்கு முந்தி நம்ம பக்கமெல்லாம் மயிலாப்பூர் மேற்றிராசனம்தான். உங்க தாத்தாவோட ஞானஸ்நானக் காகிதத்துல மயிலைன்னுதான் போட்டிருக்கும். ஒரு நாள் சாந்தோம் போய் தோமையார் கல்லறையில உக்காந்துட்டு வா. கடல் காத்தும் வாங்கின மாதிரி ஆச்சு.

மேலத்தெரு மாமா மகன் போன மாசம் உன்னைப் பாத்துட்டு வந்தான்ல, நல்லாத்தான் இருக்கான்னான். நான் விடல, கேட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பதரைக்கு வந்தானாம். கதவை ரொம்ப நேரம் தட்டினானாம். ஜன்னல் சாத்தி லைட்டு போடாம படுத்திருந்தியாம். பாத்திரம் கழுவாம கிடந்துச்சாம். அப்ப சாயங்காலப் பூசைக்குப் போவான்போலன்னு நானா சொன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல, செருப்பை மாட்டிட்டுப் போயிட்டான்.

சாயங்காலம் பூசை உண்டுதானே அங்க?

எனக்கு இருபது வயசுல நாலு மாசம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தது உனக்குத் தெரியும். அந்தக் கதையில நான் முதலாளிகிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன்னு உங்களுக்குச் சொல்லியிருக்கேன். சண்டையெல்லாம் இல்ல. ரூம்ல கூட இருந்தவன் ஊருக்குப் போயிட்டான், தனியா ஆயிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்தா காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஒரு குரல் காதுல விழாது. பொட்டிக்கடைக்காரன்கிட்ட, சில்லறை சரியாத்தான் இருக்கும், சரியா இல்லேன்னு வம்பு பண்ணுவேன், அவன் திட்டுவான், அதைக் கேட்டுட்டு வந்து படுப்பேன். ஒரு நாள் பஸ் ஏறிட்டேன். உங்க தாத்தா ஏன் வந்தேன்னு கேக்கல. மண்வெட்டியை எடுத்து நீட்டினாரு. அதனால தனியா இருக்கிறது என்னன்னு தெரியாம நான் பேசல.

தெரிஞ்சும்தான் பண்ணினேன். இதை எழுதத்தான் உக்காந்தேன், நெல்லு உளுந்துன்னு எங்கெங்கேயோ போயிட்டேன்.

போன வருஷமே நீ குருமடத்துக்குப் போயிருக்க வேண்டியவன். ஒரு வருஷம் வெளிய வேலை பாத்து, தனியா இருந்து மனசைத் தெளிய வெச்சுக்கிட்டு வாடான்னு குருமடத்துல அவங்களா முடிவு பண்ணினாங்கன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கே. நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேக்கல, சட்டையை மடிச்சு வெச்சே. அந்த முடிவுக்கு வித்து நான் போட்டது.

குருமடத்துக்கு உனக்குக் கடிதம் குடுக்கிறதுக்கு முந்தி பங்குச் சாமியார் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. பிள்ளையைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டாரு. நான் கஜா புயல் வருஷத்தைச் சொன்னேன்.

2018 நவம்பர் 16 விடியக்காலை. நம்ம கொல்லையில நின்ன 62 தென்னையில 53 போச்சு. அரசாங்கத்துல மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500ன்னு குடுத்தாங்க. கணக்கெடுக்க வந்தவங்களுக்கு நீதான் ஒவ்வொரு மரமாத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காமிச்சே. தாத்தா வெச்ச மரம். அன்னிக்குச் சாயங்காலத்துலேருந்து ஒரு மாசத்துக்கு மேல நீ வாய் திறக்கல. கேட்டதுக்குத் தலையாட்டுவே. விழுந்த மரத்து மேல உக்காந்திருப்பே. பள்ளிக்கூடம் திறந்தும் போகல. நான் உன்னை அடிச்சேன், அதுவும் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் பூண்டி மாதா கோயிலுக்கு அழைச்சுட்டுப் போனது, வர்ற வழியில நீ முதல் தடவையா "பசிக்குது"ன்னது எல்லாம் நமக்குள்ள இருந்தது, அக்காகிட்டகூட பேசிக்கல.

அதை எடுத்து அந்தச் சாமியார் முன்னாடி வெச்சேன் தம்பி. மனசு நிலையில்லாத பிள்ளை சாமி, இப்படி ஒரு மாசம் கிடந்தான், தனியா விட்டாத் தாங்கமாட்டான்னேன். உன் மேல அக்கறையில சொன்ன மாதிரிதான் சொன்னேன். சாமியாரும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாரு. உள்ளுக்குள்ள எனக்கு ஒன்பது மா இருந்துச்சு. நான் கண்ணை மூடினா அதுல யார் இறங்குவான்னு இருந்துச்சு. உனக்கு ஒரு பிள்ளை பொறந்து அது கொல்லையில ஓடறதை நான் எத்தனையோ ராத்திரி பாத்துட்டேன். ஒரு வருஷம் தள்ளிப்போட்டா நீயே மனசு மாறி வந்துடுவேன்னு கணக்குப் போட்டேன். தனியா விட்டாத் தாங்கமாட்டான்னு நான் சொல்ல, அவங்க தனியா இருந்துதான் பாக்கட்டுமேன்னுட்டாங்க. நான் அதை எதிர்பாக்கல. அன்னிக்கே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கிட்டு உன்னை ரயிலேத்திவிட்டேன்.

இப்ப நான் கணக்குப் போட்ட மாதிரியே நடக்குதோன்னு இருக்கு. கோயிலுக்குப் போறதில்லபோல, பேசறதில்ல, ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கே. நான் கேட்டது கிடைக்கப்போவுது, எனக்கு வயித்தைக் கலக்குது. நீ குருமடத்துக்குப் போகலேன்னா போகல, அது எனக்குத் துக்கமில்ல, பொய் சொல்லமாட்டேன். ஆனா மறுபடி அந்த மரத்து மேல போய் உக்காந்துட்டியோன்னுதான். இந்தத் தடவை பக்கத்துல நான் இல்ல. இருந்தாலும் அடிக்கத்தான் தெரிஞ்சுது.

இதை நம்ம சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனமாச் சொல்ல முடியல. யார்கிட்ட பொய் சொன்னேனோ அவர்கிட்டயே முட்டி போடறது எப்படி? நெல்லு எடை போட்ட மறுநாள் பூண்டிக்குப் போனேன், பஸ்ஸுலதான். அங்க ஒரு வயசான சாமியார். எல்லாத்தையும் கேட்டுட்டு, பையனுக்குத் தெரியுமான்னாரு. தெரியாதுன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. பாவத்துக்குப் பரிகாரமா என்ன குடுத்தாருங்கிறதை வெளிய சொல்லலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல, உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்.

இந்தக் கவருக்குள்ள, நீ குருமடத்துல சேர பெத்தவங்க சம்மதக் காகிதம் இருக்கு. திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னாடி மூணு மாசமாச் சொருகி வெச்சிருந்தேன். நம்ம சாமியார் ரெண்டு தடவை கேட்டுட்டாரு, கண்ணாடி உடைஞ்சுபோச்சு, படிக்க முடியலன்னேன். கண்ணாடி உடையல. நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன், அம்மாவும் போட்டுட்டா. தேதி போடல. எப்ப போடணும், போடணுமா வேணாமான்னு நீ பாத்துக்க. நம்ம சாமியார்கிட்டயும் போய்ச் சொல்லிடறேன், புயல் வருஷத்தை நான் எதுக்குச் சொன்னேன்னு. அடுத்த வாரத்துக்குள்ள. கோவம் இருந்தா போன்ல திட்டு. திட்டினா நல்லது.

புயலுக்கு மறு வருஷம் நீ வெச்ச கன்னு 20 இருந்துச்சுல்ல, அதுல நாலு பாளை விட்டிருக்கு. மோட்டார் கொட்டாய் ஓரத்துல இருக்கிறதுதான் முதல்ல விட்டுச்சு. நீ அதை நோஞ்சான்னு சொல்லுவே.

இப்படிக்கு,
அப்பா

மறந்துட்டேன். கீழத்தெரு அத்தை வியாழக்கிழமை ராத்திரி உழவன்ல வர்றாங்க, மகளுக்குப் பிரசவம் பாக்க. அவங்ககிட்ட வீட்டுக்கு வெச்ச பொன்னி அரிசி 15 கிலோ, கருவாடு, வடகம், தேங்கா எண்ணெய் குடுத்தனுப்பறேன். எண்ணெய் பாட்டில் மூடி லொடலொடன்னு இருக்கு, நிமித்தியே பிடிக்கணும்னு அம்மா சொல்லச் சொன்னா. வெள்ளிக்கிழமை விடியக்காலை எழும்பூர் ஸ்டேஷன்ல நில்லு. அவங்களுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது, பெட்டிக்கிட்டயே வந்துடு. அரிசியை வாங்கினதும் அங்கேருந்தே எனக்குப் போன் பண்ணு, நான் முழிச்சுத்தான் இருப்பேன்.