பழைய கிராஃபிக்ஸ் கார்டு சேகரிப்போர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. ஜனவரியில் ரிச்சி தெருவுக்குச் சேர்ந்து போய் வந்தோம். பழைய ஏஜிபி ஸ்லாட்டில் பொருந்தும் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள் கிடைத்தன.

ஒரே கார்டில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் கொண்ட இரட்டைச் சிப் கார்டுகளை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் நான் கொண்டுவந்த தீர்மானம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி அலமாரியில் வைத்தால் போதாதா என்று அன்று சிலர் கேட்டார்கள். போதாது. ஏடிஐ ரேஜ் ஃப்யூரி மேக்ஸை அலமாரியில் பார்ப்பவருக்கு இரண்டு ஃபேன்கள்தான் தெரியும். 1999இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கார்டில் ஒரு ஃப்ரேமை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை, ஒரு ரேஜ் 128 ப்ரோ சிப் வரையும், அடுத்த ஃப்ரேமை மற்றது வரையும். பின்னால் என்விடியாவும் ஏஎம்டியும் இரட்டைச் சிப் கார்டுகளைப் பெரும்பாலும் இந்த முறையில்தான் ஓட்டின. ஆனால் இரண்டு சிப்பையும் சேர்த்து ஓட்டும் டிரைவர் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வரவே இல்லை. நாமோ மூன்று வருடமாக எக்ஸ்பியில் போட்டுவிட்டு, ‘பெரிதாக ஒன்றும் இல்லையே’ என்று சொல்லிவந்தோம். பாதி கார்டைத்தான் பார்த்திருக்கிறோம். விண்டோஸ் 98 ஏற்றிய அன்றுதான் முழுக் கார்டும் ஓடியது.

அடுத்தது 3டிஎஃப்எக்ஸின் வூடூ5 5500. 2000இல் வந்தது. பெட்டியில் 64 எம்பி மெமரி என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு சிப்புக்கும் 32தான். டெக்ஸ்சர்களை, அதாவது காட்சியில் உள்ள பொருட்களின் மேல் ஒட்டும் படங்களை, இரண்டும் தனித்தனியே நகல் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு சிப் கொண்ட வூடூ5 6000 கடைக்கு வருவதற்குள் கம்பெனியே போய்விட்டது. 5500க்கு 3.3 வோல்ட் ஏஜிபி ஸ்லாட் வேண்டும் என்பதால் அது உள்ள பழைய 440பிஎக்ஸ் மதர்போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கெப்பாசிட்டர்கள் வீங்கியிருந்தன. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து மாற்றினோம். ‘மாற்றினோம்’ என்று எழுதினாலும் மூன்று ஞாயிறுகள் நான் மட்டும்தான் இருந்தேன்.

டிசம்பரில் இரண்டு மெஷினையும் ஓட்டிக் காட்டினோம். 34 உறுப்பினர்களில் வந்தவர்கள் ஏழு பேர். வருவதாக வாட்ஸ்அப்பில் சொன்னவர்கள் 22 பேர். வேலை, குடும்பம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. வர முடியாவிட்டால் முதல்நாள் ஒரு வரி சொன்னால் போதும். அன்று வாங்கிய சாப்பாடு வீணானது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

சந்தா 15 பேரிடமிருந்து வரவில்லை. அவர்களில் சிலருக்கு இது இரண்டாம் வருடம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சங்கத்தின் என்விடியா 7950 ஜிஎக்ஸ்2 கார்டு, 2006இல் வந்தது, இரண்டு போர்டுகளைச் சேர்த்து அடுக்கியது, ‘ஒரு வாரம்’ என்று வாங்கிப்போய் பதினொரு மாதம் ஆகிறது. யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியும். கொண்டுவந்து கொடுத்தால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. கெப்பாசிட்டர், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), அறை வாடகை போகக் கையிருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. விவரம் பொருளாளர் அறிக்கையில் வரும். இடம் கொடுத்த வீட்டு உரிமையாளருக்கும், சால்டரிங் உதவி செய்த தம்பிக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 2014இல் வந்த ஏஎம்டியின் இரட்டைச் சிப் கார்டான ஆர்9 295எக்ஸ்2வை எடுக்க நினைக்கிறேன். அது 500 வாட் கார்டு. தண்ணீர்க் குளிர்விப்பு இருப்பதால் வருடங்கள் போகப் போகப் பம்ப் நிற்கும் அபாயம் அதிகம். முந்தைய ஃப்ரேமை வைத்து அடுத்ததை வரையும் முறை கேம்களில் பரவியபின், இரண்டு சிப்பும் ஃப்ரேம்களைப் பங்கிட்டு வரைவது சிரமமாகிவிட்டது. இரட்டைச் சிப் வரிசையின் கடைசிக் காலத்துக் கார்டு இது, ஓடும்போதே காப்பாற்ற வேண்டும். பெரிய எஸ்எம்பிஎஸ் ஒன்று வேண்டும், ஞாயிறு காலையில் இரண்டு பேர் வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானாலும் சந்தோஷமாக ஒப்படைப்பேன், மெஷின்களின் சாவியோடு.

பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கலாம். ரசீதுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்