கயலுக்கு, செயின்ட் லூயிஸிலிருந்து

அன்புள்ள கயல்,

போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பேஸ்பாலில் மைனர் லீக் டீமில், அதாவது பெரிய டீமுக்கு ஆள் தயாராகும் கீழ்மட்ட டீமில், புள்ளிவிவர வேலைக்குச் சேர்ந்து ஒரு சீசன்கூட முடியவில்லை, அதற்குள் "இந்தப் பழைய ஆட்களோடு காலம் தள்ள முடியாதும்மா" என்கிறாய். உன் அறிக்கையைப் படிக்காமல், பந்து வீசுகிறவர்களைப் பழக்கும் அந்தப் பிட்சிங் கோச் மடித்து வைத்தது தப்புத்தான். அதற்காக அனுபவம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று நீ கோடு போடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கார்டினல்ஸ் பேஸ்பால் டீமின் ஊரில் வளர்ந்த பெண் பேசுகிற பேச்சா இது?

மட்டையின் மேல் சிவப்புக் குருவிகள் உட்கார்ந்திருக்கும் சட்டையை இவர்கள் 1922இல் போட ஆரம்பித்தார்கள். இங்கே பழம்பெருமைக்குக் குறைவே இல்லை. ஜார்ஜ் கிஸ்ஸலைப் பற்றி ரேடியோவில் பேசினால் கிழவர்கள் குரலே மாறிவிடும். 1940இல் ஆட்டக்காரராகச் சேர்ந்தார். மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனாலும் 2008இல் இறக்கும்வரை இதே டீமில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜோ டோரே என்ற ஆட்டக்காரரை மூன்றாம் பேஸைக் காக்கப் பழக்கியவர் அவர்தான்.

கிஸ்ஸல் சேர்ந்தபோது டீமை நடத்திக்கொண்டிருந்தவர் பிராஞ்ச் ரிக்கி. மைனர் லீக் டீம்களைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்றங்கால் போட்டு வளர்ப்பதுபோல ஆட்டக்காரர்களை வளர்க்கும் முறையை உருவாக்கியவர். அதே ரிக்கி பிறகு புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குப் போய், 1947இல் ஆலன் ராத் என்பவரை முழுநேரப் புள்ளிவிவரக்காரராகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார். அதாவது இந்த ஊர் கும்பிடும் மரபைத் தொடங்கி வைத்த மனிதரே கணக்குப்பிள்ளை தேடிப் போனவர். உன் கோச்சுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறாயா? எனக்குச் சந்தேகம்தான்.

அதன்பிறகு நடந்தது உனக்கே நினைவிருக்கும், நீ சின்னப் பெண்ணாக இருந்தாலும். 2003இல் முதலாளி பில் டிவிட் ஜூனியர், மெக்கின்சியில் ஆலோசகராக இருந்த ஜெஃப் லூனோவைக் கொண்டுவந்தார். பேஸ்பாலில் வேலை பார்த்த அனுபவமே இல்லாத ஆள். பழைய ஆட்கள் அவரை "கணக்குப்பிள்ளை" என்று கேலி பேசினார்கள். ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதைப் பார்த்துக்கொண்ட ஜெனரல் மேனேஜர் வால்ட் ஜாக்கெட்டிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2006இல் டீம் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்தது. அடுத்த ஆண்டே ஜாக்கெட்டி வேலை போயிற்று! கோப்பை ஜெயித்துக் கொடுத்தவரை அனுப்பினால் ஊர் சும்மா இருக்குமா? இப்போதும் எனக்கு அதில் மனத்தாங்கல்தான்.

ஆனால் லூனோ, ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைத் தேடும் ஸ்கவுட்டுகளை ஒழித்துக்கட்டவில்லை. அவர் சேர்த்துக்கொண்ட சிக் மைடல் நாசாவில் வேலை பார்த்த எஞ்சினீயர். கல்லூரி ஆட்டங்களின் எண்களோடு ஸ்கவுட் நேரில் பார்த்து எழுதியதையும் சேர்த்து வைத்துத்தான் அவர் டிராஃப்டுக்கு, அதாவது டீம்கள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதற்கு, பட்டியல் போட்டார். ஒருவன் பந்தைப் பார்க்கும் விதம், தோற்றபின் நடந்துகொள்ளும் விதம், இதெல்லாம் ஸ்கவுட்டின் நோட்டில்தான் இருக்கும். 2009 டிராஃப்டைப் பார். 13ஆம் சுற்றில் மேட் கார்ப்பென்டர். கையெழுத்துக்கு அவருக்குக் கிடைத்தது 1,000 டாலர். 21ஆம் சுற்றில் டிரெவர் ரோசென்தால், 23இல் மேட் ஆடம்ஸ். 2013இல் மூவரும் வேர்ல்ட் சீரிஸில் ஆடினார்கள், அந்த ஆண்டு கார்ப்பென்டர் மட்டும் 55 டபுள், அதாவது இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடி, அடித்தார். இவர்களைப் பட்டியலில் மேலே கொண்டுவந்தது கணக்கு என்றால், மைனர் லீக்கில் தேய்த்து மெருகேற்றியது கிஸ்ஸல் வழி வந்த கோச்சுகள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல உன் மென்பொருளாலும் முடியாது.

எல்லாம் பொன்னாக முடிந்தது என்றும் சொல்லமாட்டேன். லூனோ ஹூஸ்டன் டீமுக்குப் போனபின் அந்த டீமின் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர் கார்டினல்ஸில் பிறகு ஸ்கவுட்டிங் இயக்குநரான கிறிஸ் கொரேயா. 2016இல் 46 மாதச் சிறைத் தண்டனை. ஊர் மானமே போயிற்று.

நான் சொல்ல வந்தது மைடலின் இன்னொரு கதை. ஹூஸ்டனில் பெரிய பொறுப்பில் இருந்தவர், 2017 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் டிரை-சிட்டி என்ற அடிமட்ட டீமுக்குப் போய், ஐம்பது வயதுக்கு மேல் சீருடை மாட்டிக்கொண்டு கோச்சாக நின்றார். பையன்களோடு பஸ்ஸில் போனார். தான் எழுதும் எண்கள் மைதானத்தில் எப்படிப் போய்ச் சேருகின்றன என்று பார்க்க வேண்டுமாம்.

நீயும் நாளைக்கு அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போகாதே. பிட்சர்கள் பந்து போட்டுப் பழகும்போது கோச் பக்கத்தில் போய் நில். "இவன் களைத்துவிட்டான்" என்று அவர் சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேள். முழங்கையா, காலா, மூச்சா? தேதி போட்டு எழுதிக்கொள். பிறகு உன் கேமரா பதிவில், அந்தப் பையன் பந்தைக் கையிலிருந்து விடும் உயரம் இறங்கியிருக்கிறதா என்று பார். ஒத்துப்போனாலும் அவரிடம் காட்டு, ஒத்துப்போகாவிட்டாலும் காட்டு.

முறுக்கு பார்சல் வியாழனுக்குள் வந்துவிடும். அவருக்கும் கொடு, காரம் அதிகம் என்று முதலிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா